ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வரவேண்டும்

அனுப்புநர்:
மு. சேக் தாவூது,
துணிக்கடை விற்பனையாளர் (ஓய்வு),
புளோக் 409, ஃபஜார் சாலை,
புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நோயாளர் சேவைப் பிரிவு,
சாகா ஹில் சமூக மருத்துவமனை,
சிங்கப்பூர்.

பொருள்: ஐந்தாம் வார்டில் இருக்கும் என் மனைவி மைமூன் பீவிக்கு வரும் வியாழக்கிழமை மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவதற்கு முன், அவரைக் கவனித்து வரும் அனைவரும் ஒரே நேரத்தில் வந்து அவர் சாப்பிடுவதைப் பார்க்குமாறு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

இந்த மனுவைத் தங்களுக்கு எழுதுவது சரிதானா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வார்டில் கேட்டேன், கீழே முகப்பில் கேட்கச் சொன்னார்கள். முகப்பில் கேட்டேன், வார்டில் கேட்கச் சொன்னார்கள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் தங்கள் பிரிவின் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அதனால் தங்களுக்கு எழுதுகிறேன்.

என் மகள் ஹஸீனா இதை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொன்னாள். அவள் எழுதினால் நான்கு வரியில் முடித்துவிடுவாள். எனக்கு நடந்தது நான்கு வரியில் அடங்கவில்லை. தங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்ற நம்பிக்கையில் தமிழிலேயே எழுதுகிறேன். இதைப் புகாராக எடுத்துக்கொள்வதா நன்றியாக எடுத்துக்கொள்வதா என்பதை, படித்து முடித்த பின் தாங்களே முடிவு செய்யவேண்டும். பேனாவை எடுத்தபோது எனக்குக் கோபம் இருந்தது. யார்மேல் என்று யோசித்தபோது ஒருவர் முகமும் பொருந்தவில்லை.

1. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்ததில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. பெரிய மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கைகால்களைப் பழக்குவதற்காகத் தங்களிடம் அனுப்பினார்கள். பேச்சு வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது. ஒரு சொல் வந்து அடுத்த சொல் வருவதற்குள் கேட்பவரே பதிலையும் சொல்லி முடித்துவிடுகிறார். என் மனைவியும் தலையாட்டி வைத்துவிடுகிறார். சேர்ந்த அன்றே மருத்துவர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: வாயால் நன்றாகச் சாப்பிட வேண்டும், தாங்கிப் பிடித்தால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், இந்த இரண்டும் வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கும் அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

2. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் அன்பாகப் பேசினார்கள் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பேச்சு சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பேச்சைக் கேட்கவில்லை, தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். ஆள் மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர் வேலைதானாம். விழுங்குவதில் குறையில்லை, குழைந்த சோறு தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். உணவியல் நிபுணர் தாரணி நம் தமிழ்ப் பெண். அவர் வருவது பிற்பகலில், தட்டுகளை எல்லாம் எடுத்துப்போன பிறகு. எவ்வளவு மிஞ்சியது என்று தாதியர் குறித்து வைத்ததைப் பார்த்து, சாப்பாடு போதவில்லை என்று சத்துப்பால் சேர்த்தார். நடை பழக்கும் சிகிச்சையாளர், உடம்பில் தெம்பில்லாமல் காலைப் பழக்க முடியாது, முதலில் சாப்பிடட்டும் என்றார். தொண்டை நன்றாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். தொலைக்காட்சி நாடகத்தில் வில்லி படியில் உருண்டபோது என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியாததால் சொல்லவில்லை.

3. செல்வி குவெக் என்று ஒரு செயல்முறை சிகிச்சையாளர். உடுத்துவது, சீவுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குபவர். பொறுமையான சீனப் பெண். வலக்கை தளர்ந்துவிட்டதால் இடக்கையால் சாப்பிடப் பழக்கினார். பயிற்சி அறையில் என் மனைவி இடக்கையால் மணிகளை எடுத்துக் கிண்ணத்தில் போடுவார், கரண்டியால் பயற்றை அள்ளுவார், எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் தட்டு வந்தால் கரண்டியைத் தொடுவதில்லை. நான் ஊட்டிவிட்டால் சாப்பிடுவார். குடும்பத்தார் ஊட்டிக்கொண்டே இருந்தால் அவர் தானாகச் சாப்பிடப் பழகவே மாட்டார் என்றும், சாப்பாட்டு நேரத்தில் நான் கொஞ்சம் வெளியே இருந்தால் உதவியாக இருக்கும் என்றும் செல்வி குவெக் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தட்டு வரும்போது நான் கீழே இறங்கி உணவுக்கடையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "பசிக்கல" என்பார். ஹஸீனா சுவா சூ காங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மீன் ஆணம் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாலும் அதே பதில்தான். மீன் ஆணத்துக்கு என் மனைவி அப்படிச் சொல்லி இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

4. இதற்கு நடுவே இன்னொரு குழப்பம். சில நாள் தட்டு காலியாகிவிடும், சில நாள் தொட்ட அடையாளமே இருக்காது. ஒரே ஆள், ஒரே தொண்டை, ஒரே சமையல். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. உடல்நிலை ஏறி இறங்குகிறது என்றார் மருத்துவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

5. போன வாரம் மருத்துவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். எடை குறைந்துகொண்டே போகிறது, புதன்கிழமை வரை பார்ப்போம், தேறாவிட்டால் வியாழக்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்போம், சம்மதமா என்று கேட்டார். குழாயோடு வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். அதைப் பார்த்துக்கொள்ளப் பழகிய ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். எனக்கு எழுபத்தொரு வயது, கை நடுக்கம் உண்டு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். மறுநாளே ஒரு சமூக ஊழியர் வந்து நோயாளிகளை அங்கேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லங்களைப் பற்றி மிகவும் கனிவாக விளக்கினார். அவர் என்னிடம்தான் விளக்கினார், ஆனால் என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினார். அவர் போன பிறகு என் மனைவி ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "நான் சாப்பிடுறேன்னு சொல்லுங்க" என்றார். அடுத்த வேளைத் தட்டு அப்படியே திரும்பிப் போனது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வர இஷ்டமில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

6. போன வெள்ளிக்கிழமை மதியம் வார்டில் தீ அபாய ஒத்திகை நடந்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டு வந்ததும் நான் வழக்கம்போலக் கீழே போகக் கிளம்பினேன். மணி அடித்துவிட்டது. கதவுகளைச் சாத்திவிட்டு, எல்லாரும் இருக்கும் இடத்திலேயே இருங்கள், இது ஒத்திகைதான் என்று அறிவித்தார்கள். செல்வி குவெக் என் மனைவியின் இடக்கையில் கரண்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலாய்த் தாதி கதீஜா பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்தவர் அப்படியே நின்றார். வேறு யாரையோ பார்க்க அன்று மட்டும் முன்கூட்டியே வந்திருந்த தாரணியும் மாட்டிக்கொண்டார். நானும் நின்றேன். இவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டிலைச் சுற்றி நின்று நான் பார்த்தது அதுவே முதல் தடவை. வேறு வேலை எதுவும் செய்ய வழியில்லாததால் எல்லாரும் என் மனைவியின் தட்டைப் பார்த்தோம்.

என் மனைவி இடக்கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, "பசிக்கல" என்று தலையாட்டினார்.

தாரணி என்னிடம் தமிழில், "அங்கிள், ஆன்ட்டி இடது கையால சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

ஐயா அல்லது அம்மையீர், அந்தக் கேள்வியை நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் இடக்கையால் யாருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். இடக்கை எதற்கு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்க்கிறோம். நோயுற்றவர் இடக்கையால் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். நான் குனிந்து அதையே சொன்னேன். "தெரியுங்க. தூக்கினா... உள்ள இறங்க மாட்டேங்குது" என்றார். இதை ஏன் இத்தனை நாள் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். செல்வி குவெக்கைக் கண்ணால் காட்டி, "அந்தப் புள்ள கஷ்டப்பட்டுச் சொல்லிக்குடுக்குது... மனசு நோகும் லா" என்றார். பட்டினி கிடந்தாலும் சொல்லிக்கொடுப்பவர் மனம் நோகக்கூடாதாம். இப்படி ஒரு ஆளோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

7. தாரணி இதை ஆங்கிலத்தில் சொன்னதும் கதீஜாவுக்கு ஆச்சரியம். அவர் பணியில் இருக்கும் நாட்களில் வலப்பக்கம் உட்கார்ந்து, தன் வலக்கையாலேயே ஊட்டிவிடுவாராம். தட்டு காலியான நாட்கள் எல்லாம் கதீஜாவின் நாட்கள். எங்கள் மலாய் வீடுகளிலும் வலக்கையால்தான் சாப்பிடுவோம், இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றார். செல்வி குவெக்குக்கு முகம் சிவந்துவிட்டது. யாரோ ஊட்டிவிட்டுத் தன் பயிற்சியைக் கெடுக்கிறார்கள் என்று அவர் அதுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இருவர் சொன்னதும் சரி.

ஆனால் செல்வி குவெக் அடுத்துச் செய்ததைச் சொல்லியாக வேண்டும். கரண்டியின் காம்பில் ஒரு துண்டுத் துணியைத் தடிமனாகச் சுற்றினார். அதை என் மனைவியின் வலக்கையில் வைத்து நாடாவால் கட்டினார். இடக்கையை எடுத்து வலக்கையின் மணிக்கட்டைப் பிடிக்க வைத்தார். சாப்பிடுவது வலக்கைதான், இடக்கை தூக்கிவிட மட்டும்தான் என்று தாரணியைச் சொல்லச் சொன்னார். என் மனைவி தூக்கினார். முதல் தடவை பாதிச் சோறு மடியில் விழுந்தது. மீதிப் பாதி வாய்க்குள் போனது. எத்தனை வாய் என்று நான் எண்ணவில்லை, கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. தட்டில் சில பருக்கைகள்தான் மிஞ்சின. அப்போது ஒத்திகை முடிந்ததாக அறிவித்தார்கள், கதவு திறந்தது, அவரவர் வேலைக்கு அவரவர் போய்விட்டார்கள்.

8. இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் நன்றிக் கடிதம். சனிக்கிழமை முதல் செல்வி குவெக் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாறிவிட்டார். கதீஜா இரவுப் பணிக்குப் போய்விட்டார். தாரணி இனி புதன்கிழமைதான் வருவாராம். புதிதாக வந்த சிகிச்சையாளர் கரண்டியை மறுபடியும் இடக்கையில் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சிகிச்சைத் திட்டத்தில் இடக்கை என்றுதான் இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே என் கைக்குட்டையைக் கரண்டியில் சுற்றி என் மனைவியின் வலக்கையில் கட்டினேன். ஒரு தாதி ஓடிவந்து, பாதுகாப்புக்காகச் சிகிச்சையாளர் பார்த்த பிறகுதான் அப்படிச் செய்யலாம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவிழ்த்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதில் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

இன்று காலை மருத்துவரிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல தகவல், குழுவிடம் பேசுகிறேன் என்றார். வியாழக்கிழமை என்னவாகும் என்று கேட்டேன், இப்போதைக்கு வியாழக்கிழமைதான் என்றார். அந்தக் குழு எங்கே இருக்கிறது, நானே போய்ப் பார்க்கிறேன் என்று தாதியிடம் கேட்டேன். குழு என்றால் மருத்துவர், தாதி, சிகிச்சையாளர்கள், உணவியல் நிபுணர் என இவர்கள் எல்லாரும்தான் என்றார். அப்படியானால் அந்தக் குழுவில் பாதியைத்தான் நான் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் மணி அடித்ததால்.

9. நான் தேக்காவில் புடவைக் கடையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவன். சேலை எடுத்துப் போடுபவர் ஒருவர், ரவிக்கைத் துணி பொருத்துபவர் ஒருவர், பொட்டலம் கட்டுபவர் ஒருவர். மூவரும் ஒருவரை ஒருவர் கேட்காவிட்டால் வாடிக்கையாளர் பச்சைச் சேலைக்கு ஊதா ரவிக்கையோடு வீட்டுக்குப் போய்ச் சேருவார், மறுநாள் சண்டைக்கு வருவார். எங்களுக்கு அந்தச் சண்டை இருந்தது, அதனால் கேட்டுக்கொள்வோம். நாங்கள் விற்றது வெறும் துணி. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் எங்களைவிடப் பல மடங்கு படித்தவர்கள், எங்களைவிட நல்லவர்கள் என்றும் சொல்வேன். யாரும் தங்கள் வேலையில் தவறவில்லை. தொண்டையைப் பார்த்தவர் தொண்டையைச் சரியாகப் பார்த்தார், கையைப் பார்த்தவர் கையைச் சரியாகப் பார்த்தார், தட்டைப் பார்த்தவர் தட்டைச் சரியாகப் பார்த்தார். எல்லாரும் சரியாகச் செய்தும் என் மனைவி பட்டினி கிடந்தார். இது எப்படி நடக்கும் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தங்களுக்கு விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

10. ஆகவே யார்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு நான் கேட்கவில்லை. குறிப்பாகச் செல்வி குவெக்மீது ஒரு சொல்லும் வரக்கூடாது, அது என் மனைவியின் கண்டிப்பான வேண்டுகோளும்கூட. நான் கேட்பது ஒன்றுதான். வியாழக்கிழமைக்கு முன் ஏதாவது ஒரு வேளை, மருத்துவரும் தாதி கதீஜாவும் செல்வி குவெக்கும் தாரணியும் தொண்டையைப் பார்த்தவரும் நடை பழக்குபவரும் ஒன்றாக வந்து என் மனைவியின் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும். கரண்டியை வலக்கையில் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு தட்டுச் சோறு முடியும் வரை யாரும் போகக்கூடாது. அதன் பிறகும் குழாய்தான் வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் நான் மறுபேச்சுப் பேசாமல் சம்மதிக்கிறேன். ஒருவர் மட்டும் சொன்னால் சம்மதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். ஒவ்வொருவருக்கும் எத்தனை கட்டில்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அது முடியவே முடியாது என்றால், தயவுசெய்து புதன்கிழமை மதியம் தட்டு வரும் நேரத்தில் இன்னொரு முறை தீ அபாய ஒத்திகையாவது வையுங்கள்.

என் மனைவி வீட்டுக்கு வர விரும்புகிறார். நானும் அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன். இருவருடைய இந்த விருப்பத்தைத் தங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, பதிலுக்கு வார்டிலேயே காத்திருக்கிறேன்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 14 ஜூலை 2025, திங்கட்கிழமை

தங்கள் தயவை நாடும்,

(கையொப்பம்)
மு. சேக் தாவூது

(கையொப்பம்)
மைமூன் பீவி

குறிப்பு: இரண்டாவது கையொப்பம் கோணலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். மனுவை அவருக்குப் படித்துக் காட்டியதும் பேனாவைக் கேட்டு வாங்கி அவரே போட்டது. வலக்கை எழுதியது, இடக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நான் தொடவில்லை.